புலி பார்க்காமல் திரும்புவது எப்படி

பொள்ளாச்சியில் வீடு இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. டாப்சிலிப் காட்டுக்குப் போகிற உறவினர் எல்லோருக்கும் காலைச் சிற்றுண்டி நம் வீட்டில்தான். மாலையில் திரும்பி வரும்போது அதே ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். "புலி கண்ணிலேயே படவில்லை அத்தை. டிக்கெட் காசு தண்டம்." வேறு என்னதான் பார்த்தீர்கள் என்றால், "ஒன்றுமில்லை, கொஞ்சம் மான், கொஞ்சம் குரங்கு" என்பார்கள். அவர்கள் வேனுக்குக் காத்து நின்ற இடத்திலேயே, தலைக்கு நேர் மேலே, வாலோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும் செம்பழுப்பு மலை அணில் ஒன்று கிளையில் படுத்துக்கிடந்திருக்கும். ஒருவரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதி வாழ்க்கை இரவுப் பணியிலேயே போயிற்று. தூக்கம் கெட்டது கெட்டதுதான். இரவில் விழித்திருக்கவும், சின்னச் சத்தத்துக்குக் காது கொடுக்கவும் அந்த வேலை பழக்கிவிட்டது. விநோதமான பாலூட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டும் போதும், கூடவே கழுத்து கொஞ்சம் வளைய வேண்டும். மிருகங்கள் ஒளிந்துகொள்கின்றன என்று குறை சொல்கிறோம். பெரும்பாலும் நாம்தான் தவறான நேரத்தில், தவறான உயரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், காலை பத்து மணிக்கு மேல் தேடுகிறது. அந்த உயரத்தில் அந்த நேரத்தில் காட்டில் நடமாடுவது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான்.

முதலில் மிருகக்காட்சிசாலை

காட்டுக்குப் போவதற்கு முன் மிருகக்காட்சிசாலையில் பழகிக்கொள்ளுங்கள். அங்கே மிருகம் இருக்கும் இடம் தெரியும். ஆகவே தேடும் வேலை மிச்சம். பார்க்கும் வேலையை மட்டும் கற்றுக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

சென்னைக்குப் பக்கம் வண்டலூர் இருக்கிறது. 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி வைத்த காட்சிசாலைதான் இடம் மாறி, 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர். செவ்வாய்க்கிழமை விடுமுறை, இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசல்வரை போய்த் திரும்பும் குடும்பங்களுக்குக் குறைவே இல்லை. திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மிருகமும் படுத்துவிடும், பிள்ளைகளும் ஐஸ்கிரீமுக்கு அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். முந்தின நாள் இரவே மூன்று மிருகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரம். அவ்வளவுதான் திட்டம். மற்றவை வழியில் தென்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் முனகுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒன்று நடக்கும், அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

நீர்யானையை எடுத்துக்கொள்ளுங்கள். "தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை" என்று ஆட்கள் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். நில்லுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்மட்டத்தில் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால், அவை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும். மூக்குத் துவாரம் மடல் திறந்து புஸ்ஸென்று காற்றை விடும். அடுத்த நொடி காதுகள் இரண்டும் படபடவென்று சுழன்று தண்ணீரைச் சிதறடிக்கும். பிறகு மூக்கு மூடிக்கொள்ளும், காது மடங்கும், முழு உருவமும் அலையில்லாமல் கீழே போய்விடும். இரண்டாம் முறை வரும்போது காதை மட்டும் பாருங்கள், மூன்றாம் முறை மூக்கை மட்டும் பாருங்கள். இந்த மிருகத்துக்கு உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு பன்றியல்ல, திமிங்கிலம். இதை முதல் தடவை அது மூழ்கிய பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நின்று பார்ப்பார்கள்.

குரங்குக் கூண்டுகளில் எனக்குப் பிடித்தது சிங்கவால் குரங்கு. சாப்பாடு வைக்கும் நேரத்தை அங்கிருக்கும் பராமரிப்பாளரிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே போய் நின்றுவிடுங்கள். முதலில் வருகிற குரங்கு சாப்பிடாது, திணித்துக்கொள்ளும். கன்னத்தின் உள்ளே பை இருக்கிறது. இரண்டு பக்கமும் புடைக்கும்வரை அடைத்துக்கொண்டு, எட்டிப்போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளி நிதானமாக மெல்லும். என் பேரன் இதைப் பார்த்துவிட்டு, "அம்மிச்சி, நானும் இனிமேல் முறுக்கை இப்படித்தான் சாப்பிடுவேன்" என்றான். வீட்டுக்கு வந்து செய்தும் பார்த்தான்.

இரவு விலங்குக் கூடம் உள்ள காட்சிசாலைகளில் இரவையும் பகலையும் மாற்றி வைத்திருப்பார்கள். பகலில் மங்கிய வெளிச்சம், இரவில் விளக்கு. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. தெரியாதுதான்; வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழகப் பத்து நிமிடமாவது ஆகும். நம் ஆட்கள் ஒரு நிமிடத்தில் செல்பேசி விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். மிருகம் மூலைக்கு ஓடிவிடும், நம் கண்ணும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு திறந்து பாருங்கள்.

கண்ணாடியைத் தட்டுவது, கூவிக் கூப்பிடுவது, கடலை எறிவது எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். இதைச் சொன்னால் "பெரியம்மா, ஒரு கடலையில் என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல், காவலரைக் கூப்பிட்டுவிடுவது என் வழக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மிருகம் ஒரே தடத்தில் இடைவிடாமல் போவதும் வருவதுமாக இருந்தாலோ, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாலோ அது விளையாட்டல்ல. அடைபட்ட மன உளைச்சல். அங்கே கைதட்டிச் சிரிக்காதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் ஒன்று. 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் இருபது மடங்கு காட்டுகிறது என்று ஒன்றை நீட்டுவார். வேண்டாம், பெருக்கம் கூடக் கூட நம் கை நடுக்கமும் கூடும், விடியற்காலை வெளிச்சமும் போதாமல் போகும். வாங்கியதும் வீட்டு மாடியில் நின்று தென்னை மரத்துக் காகத்தை வைத்துப் பழகுங்கள். காகத்தின் மேலிருந்து பார்வையை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியைப் பார்த்துக் குனிந்தீர்களோ, மறுபடி எந்த மரம் எந்தக் கிளை என்று தேட வேண்டியதுதான்.

டார்ச் விளக்கும், அதன் முகத்தில் கட்ட சிவப்புக் கண்ணாடித் தாளும். மங்கிய நிறச் சட்டை. மலைக்கு மழை மாதங்களில் போனால், அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க முழங்கால்வரை வரும் காலுறை. வாசனைத் திரவியம் வேண்டாம். பையில் பிளாஸ்டிக் உறை சரசரக்கும் தின்பண்டமும் வேண்டாம். அந்தச் சத்தம் காட்டில் எவ்வளவு தூரம் போகும் என்பது சும்மா நின்று கேட்டால்தான் தெரியும்.

தலைக்கு மேலே

டாப்சிலிப்பில் வனத்துறை வேனில் போகும் சுற்று அப்படி ஒன்றும் பிரமாதமில்லை என்பது என் கருத்து. வண்டிச் சத்தத்தில் பாதி ஓடிவிடும். வேனுக்குக் காத்திருக்கும் நேரம்தான் உண்மையான லாபம். கட்டடங்களைச் சுற்றியுள்ள பெரிய மரங்களின் கீழே பேசாமல் நில்லுங்கள். மலை அணில் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும்: சுழலும் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் அட்டையைப் பிடித்தால் வருகிற கடகடச் சத்தம், மரத்தின் உச்சியிலிருந்து. சத்தம் வந்த திசையில் நேராகப் பார்க்காதீர்கள். கிளைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வால் கீழே தொங்கும். உடலை இலை மறைத்தாலும் வாலை மறைக்க முடியாது.

அது சாப்பிடும்போது காண்பதுதான் அழகு. பின்னங்கால் இரண்டால் கிளையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் முழுவதும் கீழே தொங்கும். வால் மறுபக்கம் எடைக்கு எடை. இரண்டு முன்கைகளும் பழத்தைச் சுற்ற, பல் தோலைச் சீவும். கீழே தோல் விழுந்துகொண்டே இருக்கும். தரையில் புதிதாகச் சீவிய தோலோ கொட்டையோ ஈரம் காயாமல் கிடந்தால், நேர் மேலே ஆள் இருக்கிறது என்று பொருள்.

இதன் பங்காளி சாம்பல் நிற அணில். அதற்கென்றே 1988-இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். இப்போது அது 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடங்களில் குச்சியும் இலையுமாக ஒரு பெரிய உருண்டை தெரிகிறதா பாருங்கள். அது கூடு. ஒரே அணில் பல கூடுகள் கட்டும், ஆகவே கூட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே தவம் கிடக்க வேண்டாம். மரத்துக்கு மரம் கிளை தொடும் வரிசையைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். தரையில் இறங்க அதற்கு மனம் வராது. கிளை விட்டுப்போன இடத்தில் அதன் வழியும் நின்றுவிடும்.

இனி வால்பாறை. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள், ஆனால் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் இறங்கிவிடுங்கள். எல்லோரும் ஆழியாறு அணையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அணைக்கு முதுகைக் காட்டி, பாறைச் சரிவைப் பாருங்கள். பாறையின் நிறத்திலேயே வரையாடு நிற்கும். அசையாதவரை அது பாறைதான். வயது முதிர்ந்த கிடா மட்டும் கருத்து, முதுகில் சேணம் வைத்த இடத்தில் வெளுத்திருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. சங்கப் பாட்டுகளில் வருடை என்று வருவதும் இதுதான். அதற்குச் சிப்ஸ் நீட்டுகிற ஆட்களையும் அதே வளைவில் பார்க்கலாம். அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டைப் பாலங்கள் கட்டியிருப்பது தெரியும். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக இயற்கை ஆர்வலர்களும் வனத்துறையும் செய்த ஏற்பாடு. உலகத்தில் இந்தக் குரங்கு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது. காட்டில் மொத்தமே சில ஆயிரம்தான். சோலைமந்தி என்பது பழைய பெயர். பெயருக்கேற்ப மரத்தை விட்டு இறங்காத இனம். தேயிலைக்காகச் சோலையைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டதால், இங்கே சாலையில் இறங்கி நடக்கவும், வீட்டு ஓட்டைப் பிரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது.

கருமந்தியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டும் கறுப்பு, இரண்டும் அதே மலை. வாலைப் பாருங்கள்: நீளமாக நேராகத் தொங்கினால் கருமந்தி, குட்டையாக, நுனியில் குஞ்சம் வைத்து முடிந்தால் சிங்கவால் குரங்கு. முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரி இருக்கும். கருமந்திக்கு அது கிடையாது, தலைமயிர் மட்டும் பழுப்பேறியிருக்கும். சாப்பாட்டை வைத்தும் சொல்லலாம். கருமந்திக்கு இலைதான் பிரதானம், உட்கார்ந்த இடத்திலேயே மென்றுகொண்டிருக்கும். சிங்கவால் குரங்குக்குப் பழம், கொட்டை, பூச்சி எல்லாம் வேண்டும். கைகள் சும்மா இருக்காது. பட்டையை உரிக்கும், சருகைப் புரட்டும், உள்ளே விரலை விடும்.

சாலையோரத்தில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கதவை அறையாமல் மூடி, வண்டியின் மறைவிலேயே நில்லுங்கள். கூட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பெண் குரங்கைத் தேர்ந்தெடுத்து அதையே பின்தொடருங்கள், கண்ணால். அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது தெரிந்தது. அது கிளையிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சியை எடுத்தது. கையில் பட்டாலே நமக்கு நாலு நாள் அரிக்கும் வகை. உடனே தின்னவில்லை. பக்கத்தில் இருந்த இலை ஒன்றைப் பறித்து, பூச்சியை அதில் பொதிந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தது. இலையைப் பிரித்துப் பார்த்தது. திருப்தியில்லை, மறுபடியும் தேய்த்தது. சுணை போனதும் இலையை எறிந்துவிட்டுப் பூச்சியை வாயில் போட்டது. மடியில் இருந்த குட்டி இலை விழுந்த இடத்தை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிடரி இன்னும் முளைக்கவில்லை, அதனால் முகம் வெறிச்சென்று இருந்தது.

வெடிப்பலா காய்க்கும் சமயத்தில் மலைக்காட்டில் இந்தக் குரங்குகளைத் தேடுவது எளிது. முள்ளுக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துத் தோடுகளைக் கீழே போட்டுக்கொண்டே போகும். எஸ்டேட் தனியார் இடம், காடு வனத்துறை இடம். இரண்டிலும் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். தார்ச்சாலையே போதும்.

இருட்டிய பிறகு

தேவாங்கு. இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். ஐயலூர், கடவூர்ப் பக்கம் இருப்பது அடர்காடு அல்ல; முள்ளும் புதருமான வறண்ட காடு. வேலிக்கருவேலும் உடையும் நிறைந்த தோட்டவேலிகளில்கூட இது வாழும். கால் கிலோவுக்குச் சற்று முன்பின் எடை. வால் கிடையாது. கைகால்கள் பென்சில் பருமன், முகத்தில் பாதி கண்.

காட்டுக்குள் இரவில் போக உங்களுக்கு உரிமையில்லை, போகவும் கூடாது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு, ஊர்ச்சாலையிலோ தோட்ட உரிமையாளர் சம்மதித்த வரப்பிலோ நடப்பதுதான் வழி. பாம்புக்கு மூடிய காலணி அவசியம். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு அதைத் தொந்தரவு செய்வது குறைவு.

விளக்கை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோடு வைத்துப் பிடியுங்கள். இடுப்புக்குக் கீழே பிடித்தால் எதிரொளி உங்களுக்குத் திரும்பி வராது. புதர்களின் மேல், ஆள் உயரத்திலிருந்து மூன்று ஆள் உயரம் வரை, மெதுவாக வருடிக்கொண்டு போங்கள். பல ஒளிப்புள்ளிகள் தெரியும். தரையில் ஒரே சிவப்புப் புள்ளியாகக் கிடந்து, கிட்டே போனால் எழுந்து பறந்தால் அது பக்கிக்குருவி. புல்லில் ஊசிமுனை அளவில் மினுக்கினால் சிலந்தி. வேகமாக ஓடி நின்று திரும்பிப் பார்த்தால் மரநாயோ பூனையோ. கிளைக்குள்ளே இரண்டு பெரிய ஆரஞ்சுக் கண்கள், மிக நெருக்கமாக, இமைக்காமல் உங்களையே பார்த்தால் விளக்கைச் சற்று விலக்கிப் பிடியுங்கள். வந்துவிட்டீர்கள்.

இனி அசையாதீர்கள். அதுவும் அசையாது; நீங்கள் தோற்கும்வரை காத்திருக்கும். தோற்காமல் நின்றால் ஒரு கை மட்டும் நீளும். அடுத்த கிளையைத் தொடும், பிடிக்கும், பிடி சரியா என்று நிதானித்த பின் பின்னங்கால் விடுபடும். கிளை ஆடாது, இலையும் அசையாது. பூச்சி கிட்டே வந்ததும் அந்த நிதானமெல்லாம் போய், இரண்டு கைகளும் ஒரே பாய்ச்சலில் முன்னே போய் அள்ளும். எறும்பைத் தின்னும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்னும். கசப்போ கடியோ, விடுவதாகவும் இல்லை. தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைத்துவிடுங்கள், கொண்டாடுவார்கள்.

கண் கிடைக்காத இரவில் காது கொடுங்கள். தேவாங்கு கூர்மையாக விசிலடிக்கும். ஒரு பக்கம் விசில், கொஞ்சம் தள்ளி பதில் விசில். தாய் இரைதேடப் போகும்போது குட்டிகளைக் கிளையில் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. தனியாக இருக்கும் குட்டியைப் பார்த்து, பாவம் அனாதை என்று தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கண் மருந்து, வசியம், மாந்திரீகம் என்று இதைப் பிடித்து விற்றவர்களால் அழிந்தது போதும். எந்த ஊரில், எந்த வேலியில் பார்த்தீர்கள் என்பதையும் வெளியே சொல்லாதீர்கள். படம் எடுத்தால் ஃபிளாஷ் இல்லாமல், இடக்குறிப்பு இல்லாமல்.

ஊருக்குள்ளேயே

எங்கும் போக வசதியில்லை என்பவர்களுக்குப் பழந்தின்னி வௌவால். பழைய ஆலமரமோ இலுப்பையோ மருதமோ இருக்கும் ஊரில் ஒரு வௌவால் மரம் இருக்கும். வௌவாலுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்களே தமிழ்நாட்டில் உண்டு. சட்டமோ இதை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வெகுகாலம் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே ஒழிந்தது. விரித்தால் நாலடிக்கு மேல் வரும் சிறகு.

மதியம் போங்கள், பலருக்கு இது தெரியாது. வெயில் ஏறியதும் மரம் முழுவதும் விசிற ஆரம்பிக்கும்; ஒரு சிறகால் உடம்பைப் போர்த்துக்கொண்டு மறு சிறகால் வீசும். நாக்கால் மார்பை நனைத்துக்கொள்ளும். தாயின் மார்பில் ஒற்றைக் குட்டி ஒட்டியிருப்பதைப் பைனாகுலரில் தெளிவாகப் பார்க்கலாம். தலைகீழாகத் தொங்கும் பிராணி சிறுநீர் கழிப்பது எப்படி என்று பேரன் கேட்டான். அன்றே விடை கிடைத்தது. சிறகின் முன்விளிம்பு வளைவிலுள்ள கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பிடித்து, கால்களை விட்டு, நேராகத் தொங்கி, வேலையை முடித்து, மறுபடி தலைகீழாகிவிடுகிறது. பார்ப்பவர் நேர் கீழே நிற்காமல் இருப்பது நல்லது. அது கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் தொடவும் கூடாது, தின்னவும் கூடாது. நிபா வைரஸ் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

நள்ளிரவில் ஓட்டுக்கூரையில் தடதடவென்று ஓடுவதைப் பெருச்சாளி என்று நினைப்பவர்கள் காலையில் சுற்றுச்சுவரின் மேல் பாருங்கள். பழக்கொட்டைகளாகவே கிடக்கும் எச்சம் இருந்தால் அது மரநாய். அதனால் முளைத்த மரங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு நீர்நாய். ஒகேனக்கல் போன்ற காவிரிக்கரைகளில் பரிசல்காரரைக் கேட்டால் இடம் சொல்வார். பாறை மேல் மீன் செதிளும் நண்டு ஓடுமாகக் கலந்த எச்சம், கிட்டே போனால் மீன்வாடை, ஈர மணலில் விரல்களுக்கிடையே சவ்வு பதிந்த தடம். இவை இருந்தால் மறுநாள் விடியலில் அதே இடத்துக்கு எதிர்க்கரையில் உட்காருங்கள், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக. குடும்பமாகத்தான் வரும்.

சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கடைத்தொகுதிகளுக்கு நடுவே ஒரு காலையைப் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்கு ஒதுக்குங்கள். அதே நீர்நாய் இனம் அங்கே நகரத்துக் கால்வாயில், ஜாகிங் போகிறவர்களுக்குப் பக்கத்தில் மீன் தின்றுகொண்டிருக்கும். இரவு சஃபாரி 1994 முதல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் புக்கித் தீமா காட்டில் பணம் கொடுக்காமல் பார்க்கும் கொலுகோ என்ற பாலூட்டிதான் மேல். பகலில் மரத்தண்டோடு ஒட்டி, பட்டையின் நிறத்தில், பாசி படிந்த புள்ளிகளோடு இருக்கும். கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனி வரை ஒரே தோல்; அதை விரித்து நூறு மீட்டருக்கும் மேல் மிதந்து போகும். தேடும் முறை எளிது. மரத்தண்டின் நடுவைப் பார்க்காமல் ஓரக்கோட்டைப் பாருங்கள். நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால், சுற்றிப்போய் மறுபக்கம் நின்று, பைனாகுலரை எடுங்கள். சில சமயம் வயிற்றுத் தோலின் மடிப்பிலிருந்து இன்னொரு ஜோடிக் கண்ணும் வெளியே பார்க்கும்.

எறும்புத்தின்னியை மட்டும் தேடிப் போகாதீர்கள். பல்லில்லாத, நகத்தின் பொருளாலேயே ஆன செதில் போர்த்த இந்தப் பிராணியை அந்தச் செதிலுக்காகவே பிடித்துக் கடத்துகிறார்கள். "காட்டுகிறேன், வாருங்கள்" என்று ஒருவர் காசு கேட்டால் அவர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றே அர்த்தம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆசையிருந்தால் புவனேசுவரம் பக்கம் போகும்போது நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் விசாரியுங்கள். அங்கே இதற்கென இனப்பெருக்க மையமே இருக்கிறது. தோட்டத்திலோ வறண்ட கிணற்றிலோ தானாக வந்து கிடந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிரிக்க முயலாதீர்கள், கம்பால் உருட்டாதீர்கள், சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். நாயைக் கட்டிப்போட்டு, ஆட்களை விலக்கி, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை எட்ட நின்று காவல் இருங்கள்.